அம்சா அக்காவுக்கு என்ன பிடிக்கும்?

புரட்டாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆபீஸுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் ‘அம்சா அக்கா’ என்று பெயர் வந்தது. காய்ச்சல் என்று லீவில் இருந்தவர். பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றும் தெரியும். அக்காவே கூப்பிடுகிறார் என்றால் தேறிவிட்டார் என்றுதானே அர்த்தம்? வந்த சந்தோஷத்தில், எதிரில் யார் பேசுகிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் நான் ஆரம்பித்துவிட்டேன். “இன்னாக்கா, ஜொரம் விட்டுச்சா? ஹாலோவீனுக்குப் பரங்கிக்காய் நீங்கதான் வாங்கியாரணும், ஞாபகம் கீதுல்ல?”

பதிலுக்கு ஓர் ஆண்குரல். “வனஜாவாம்மா? நான் அவ ஊட்டுக்காரரு பேசறேன். அம்சா பூட்டாம்மா.”

அக்காவின் போனில் நான் கடைசியாகப் பேசியது பரங்கிக்காயைப் பற்றி. அதையும் அவர் கேட்கவில்லை. ஒரு கால் செருப்போடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்களில் பலருக்கு அன்று காலை போன் செய்து சொன்னவள் நான்தான். என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. யாரிடமாவது கத்தியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நம் ஆபீஸில் அவரோடு வேலை செய்தவர்கள், வேலையை விட்டுப் போனவர்கள், திண்டிவனத்தில் அவர் தெருக்காரர்கள், காலை பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கள் எல்லாருக்கும். அஞ்சலி எழுது என்று எங்கள் மேனேஜர் பாஸ்கர் சார் சொன்னார். எனக்கு அஞ்சலி எழுத வராது. எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். கடைசி வரை படியுங்கள், உங்களில் ஒருவருக்காவது பதில் தெரிந்திருக்கும் என்ற நப்பாசையில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவரைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் நம் ஆபீஸ் தெரியாது. விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது. அமெரிக்காவில் யாருக்கோ முட்டி வலித்து டாக்டரைப் பார்த்தால், அந்தக் கணக்கை இங்கே நாங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். அம்சவல்லி என்கிற அம்சா அக்கா எங்கள் டீம் லீடர். தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். எங்களுக்கு அங்கிருந்து வேலை அனுப்பும் குழுவின் தலைவி கேரல் என்ற வயதான அம்மா. சில வருடங்களுக்கு முன் அக்டோபர் மாதத்தில் அந்தக் கேரல் அம்மாவிடமிருந்து ஒரு மெயில் வந்தது. மாதக் கடைசி நாள் ஹாலோவீன். எல்லாரும் வீட்டில் சுலபமாகச் செய்த தின்பண்டமும் குடிக்க ஏதாவதும் கொண்டுவாருங்கள். வீடியோவில் சேர்ந்து கொண்டாடுவோம் என்று எழுதியிருந்தார்.

எங்களில் ஒருவருக்கும் அது என்ன பண்டிகை என்று தெரியவில்லை. பாஸ்கர் சார் நெட்டில் பாதி படித்துவிட்டு மீதியை விட்டுவிட்டு வந்து சொன்னார்: “செத்தவங்க திரும்பி வர்ற நாளாம்பா அது. அவங்களுக்குத் தின்றதுக்கு எதுனா செஞ்சு வெப்பாங்களாம்.” அதற்கு அம்சா அக்கா, “இதுக்கா சார் இவ்ளோ பேஜாரு? படையல் போடணும், அவ்ளோதானே? என்கிட்ட வுட்டுடுங்க” என்றார்.

அடுத்த நாளிலிருந்து அக்கா ஒவ்வொரு சீட்டாகப் போய் நின்றார். “ஒங்க ஊட்ல யாரு பூட்டாங்க? அவங்களுக்கு இன்னா புடிக்கும்?” இதே கேள்விதான் எல்லாரிடமும். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. எங்களோடு வேலை செய்யும் ஸ்டெல்லா, தன் அப்பாவுக்குக் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் என்றாள். அக்கா தலையாட்டிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். பாஸ்கர் சாரின் அம்மாவுக்கு டிகாக்‌ஷன் தூக்கலாக, சர்க்கரை இல்லாத காபி. என்னிடம் வந்தபோது நான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, “தம்பிக்குப் பிரியாணிக்கா” என்றேன். என் தம்பி கோபி பைக்கில் போய்ப் பைபாஸில் அடிபட்டுச் செத்தவன். அக்கா நகரவில்லை. “அது ஒனக்குப் புடிச்சதுடி. அவனுக்குப் புடிச்சது இன்னா?” என்றார்.

கோபி இருந்தவரை அவனுக்கு என்ன பிடிக்கும் என்று நான் உட்கார்ந்து யோசித்ததே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சேமியா ஐஸ் என்று வந்தது. பள்ளிக்கூட வாசலில் தள்ளுவண்டியில் விற்கும் சேமியா ஐஸ். வளர்ந்து மீசை வைத்த பிறகும் அதை வாங்கி, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு தின்பான். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அன்று அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அவங்களுக்குப் புடிச்சதத்தான் வெக்கணும் வனஜா. நமக்குப் புடிச்சத வெச்சா அது நம்ம சாப்பாடு. படையல் இல்ல.”

முப்பத்தோராம் தேதி மீன்கார அம்மாவிடம் கேட்டு வாங்கிய தெர்மாகோல் பெட்டியோடு அக்கா வந்து இறங்கினார். உள்ளே சேமியா ஐஸ், டம்ளரில் பால் ஊற்றி, சேமியா போட்டு, குச்சி செருகி வீட்டு பிரிட்ஜிலேயே உறைய வைத்தது. பெட்டி கழுவியும் போகவில்லை, ஐஸில் லேசாக மீன் வாடை அடித்தது. “ஒந்தம்பி மீன் சாப்புடுவான் இல்ல? அப்புறம் இன்னா, வுடு” என்று சிரித்தார். களி, கருவாட்டுக் குழம்பு, காபி பிளாஸ்க் எல்லாம் வேறொரு பையில். அத்தனையையும் விடியற்காலையில் எழுந்து தனியாளாகச் செய்து, பஸ்ஸில் ஏற்றி இறக்கிக் கொண்டுவந்திருந்தார்.

சாயங்காலம் வீடியோவைப் போட்டோம். அந்தப் பக்கம் அப்போதுதான் காலை. அவர்கள் எல்லாரும் சூனியக்காரித் தொப்பி போட்டுக்கொண்டு, எலும்புக்கூடு வரைந்த சட்டை மாட்டிக்கொண்டு, பேய் முகம் போட்ட பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள். இந்தப் பக்கம் நாங்கள் தரையில் வரிசையாகத் தலைவாழை இலை விரித்து, ஒவ்வோர் இலைக்கும் பின்னால் மாலை போட்ட ஒரு போட்டோ வைத்து, கற்பூரம் கொளுத்திக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தோம். ஊதுபத்திப் புகையில் கேமராவே மங்கிப்போனது. அந்தப் பக்கத்துக் கூச்சல் சட்டென்று அடங்கிவிட்டது.

கேரல் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். கோபியின் போட்டோவைக் காட்டி, இந்தப் பையன் யார், அவன் முன்னால் உருகிக்கொண்டிருப்பது என்ன என்று கேட்டார். பாஸ்கர் சார் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அந்த அம்மா தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, செத்துப்போன என் வீட்டுக்காரருக்கு என்றால் பீர்தான் வைக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட அம்சா அக்கா, “முன்னயே சொல்லியிருந்தா ஏற்பாடு பண்ணியிருப்பமே!” என்று தமிழிலேயே பதில் சொன்னார். அந்த அம்மாவுக்கு அது எப்படியோ புரிந்தது.

மறுநாள் மேலிடத்திலிருந்து மெயில். நெகிழ்ந்துபோனோம், ஆனால் இது விளையாட்டுப் பார்ட்டி, அடுத்த வருடம் சிரிப்பும் தின்பண்டமுமாக இருக்கட்டும் என்று. பாஸ்கர் சாருக்கு முகம் தொங்கிப்போனது. அம்சா அக்காவோ, “பேய் மாதிரி பலகாரம் செய்யணும், அதானே? செஞ்சுட்டாப் போச்சு” என்றார். அடுத்த வருடத்திலிருந்து அவர் செய்து கொண்டுவந்ததைச் சாப்பிடாதவர்கள் நம் ஆபீஸில் யாரும் இருக்க மாட்டார்கள்.

குட்டி இட்லிக்கு மிளகில் கண் வைத்தால் பேய். கொழுக்கட்டை மாவை விரல் விரலாக உருட்டி, நுனியில் நகத்துக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பருப்பில் பாதியைப் பதித்து, மறுமுனையை பீட்ரூட் சாற்றில் தோய்த்து ஆவியில் வைத்தால் வெட்டின விரல். கேப்பை மாவில் வெல்லம் போட்டுப் பிடித்த உருண்டைக்கு ஓமப்பொடியை ஒடித்துக் கால் செருகினால் சிலந்தி. நன்னாரி சர்பத்தில் ஊறவைத்த சப்ஜா விதையைக் கொட்டினால் தவளை முட்டை. மோரில் பீட்ரூட் சாறு கலந்தால் ரத்தம். அதில் பெருங்காயமும் கறிவேப்பிலையும் உண்டு, அதனால் அது ருசியான ரத்தம். ஸ்டெல்லா முதல் தடவை அந்த விரலைக் கடிக்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டு அடம்பிடித்தாள். பிறகு ஒரு தட்டு விரலைத் தின்றாள்.

இதெல்லாம் எப்படிக்கா செய்கிறீர்கள் என்று கேட்டால், “அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னா அது பார்ட்டி இல்லடி, கருமாதி” என்பார். அப்போது வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது அந்த வார்த்தையை எழுதவே கை வரவில்லை.

மெயில் வந்ததற்காக அவர் படையலை விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். ஹாலில் பேய் இட்லியும் ரத்த மோரும் நடந்துகொண்டிருக்கும்போது, டீ போடும் அறையில், சிங்க்குக்குப் பக்கத்து மேடையில் ஒரே ஓர் இலை இருக்கும். அதில் சின்னச் சின்னதாக எல்லாம் இருக்கும். ஒரு கவளம் களி, ஒரு வாய் காபி, ஒரு சேமியா ஐஸ். கூடவே ஒரு கண்ணாடி டம்ளரில், சுக்கும் எலுமிச்சையும் வெல்லமும் கரைத்து, சோடாவை உயரத் தூக்கி ஊற்றி நுரை பொங்க வைத்த ஒரு பானம். கேரல் அம்மாவை அந்த அறைக்கு லேப்டாப்போடு தூக்கிக்கொண்டு போய், “ஒங்க ஊட்டுக்காரருக்கு பீரு!” என்று காட்டினார். அந்த அம்மா சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். அடுத்த வருடம் வீடியோ போட்டதுமே, முதலில் அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போ என்றுதான் கேட்டார்.

பரங்கிக்காய்க் கதையையும் சொல்லிவிடுகிறேன், அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பெரிய பரங்கிக்காயாகப் பார்த்து வாங்கி, உள்ளே குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, முதல் நாளே ஆபீஸ் வாசலில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை வந்து பார்த்தால் நடுரோட்டில் தூள்தூளாகக் கிடக்கிறது. வாட்ச்மேன் தணிகாசலம் அண்ணன் அதில் குங்குமத்தைக் கொட்டி, ஆபீஸை மூன்று சுற்றுச் சுற்றித் திருஷ்டி கழித்து உடைத்திருக்கிறார். மூஞ்சி வரைந்து வாசலில் வைத்தால் வேறு எதற்கு என்று அவர் நினைப்பார்? பாஸ்கர் சார் அவரைப் பிடித்துத் திட்டினார். அக்கா மட்டும் ரோட்டோரமாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, “வுடுங்க சார், நம்ம மேல இருந்த கண்ணெல்லாம் கழிஞ்சுது” என்றார். எங்கே கழிந்தது? ஒரு காய்ச்சல் வந்து ஒரு வாரத்தில் கொண்டுபோய்விட்டது. அத்தனை கண்ணும் அவர் மேலேயேதான் இருந்திருக்கிறது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள், ‘நல்ல மனசு, அதான் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கிச்சு’ என்றார்கள். எதற்குக் கூப்பிட்டது? அங்கே சமைக்க ஆள் இல்லையா? நாற்பத்துச் சொச்சம் வயதில், காலேஜ் படிக்கும் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டிருக்கும் ஒருத்தியைக் கூப்பிடுவது என்ன நல்ல மனசுக்கு மரியாதை? சாவில் ஓர் அர்த்தம் இருக்கிறது என்று யாராவது எனக்கு எழுதுவதாக இருந்தால் தயவுசெய்து வேண்டாம்.

செய்தி போனதும் கேரல் அம்மா பாஸ்கர் சாருக்கு எழுதினார். இந்த வருடம் தொப்பியும் வேண்டாம், விளையாட்டும் வேண்டாம். அம்சாவுக்கு ஓர் இலை போடுங்கள், நானும் இங்கிருந்து பார்க்கிறேன் என்று. கடைசியில் ஒரு கேள்வி. ‘அவளுக்கு என்ன பிடிக்கும்? சொன்னால் நானும் இங்கே அதையே செய்து வைப்பேன்.’

பாஸ்கர் சார் அதை ஹாலில் சத்தமாகப் படித்தார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள், நான் பாஸ்கர் சாரைப் பார்த்தேன். அத்தனை வருடம் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து தினமும் டிபன் பாக்ஸைத் திறந்தவர்கள் நாங்கள். “இன்னாம்மா, யாருக்கும் தெரியாதா?” என்று பாஸ்கர் சார் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. நீதான் அவருக்கு நெருக்கம், நீ விசாரி என்று என் தலையில் கட்டினார்கள்.

யோசித்துப் பாருங்கள். அக்கா சாப்பிட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மதியம் டிபன் பாக்ஸைத் திறப்பார். பாதியை ஸ்டெல்லாவின் தட்டில் வைப்பார், கூட்டு நல்லா இருக்குது பாரு என்று எனக்குக் கொஞ்சம். மிச்சம் என்ன இருந்ததோ அதை, பேசிக்கொண்டே, எதையோ முடித்துவிடுகிற மாதிரி முடிப்பார். ஹாலோவீன் அன்று எல்லாரும் தின்று தீர்த்த பிறகு, “நீங்க சாப்பிடலியாக்கா?” என்று கேட்போம். “செய்யசொல்லோவே வயிறு ரொம்பிடுச்சுடி” என்பார். ஒவ்வொரு வருடமும் கேட்டோம். ஒவ்வொரு வருடமும் அதையே சொன்னார். நாங்களும் நம்பிக்கொண்டு பாத்திரத்தைக் கழுவப் போனோம்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் திண்டிவனத்துக்குப் போனேன். அக்காவின் வீட்டுக்காரர் சேகர் அண்ணன் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறவர். ஆளே பாதியாகிக் கிடந்தார். போட்டோவுக்கு முன்னால் பெரிய இலை. வடை, பாயசம், அதிரசம், முறுக்கு, ஆப்பிள், கடையில் வாங்கிய மிக்சர், கோழிக் குழம்பு, ஒரு பாட்டில் குளிர்பானம் என்று இலை கொள்ளாமல் இருந்தது. செத்தவர் யாராக இருந்தாலும் வைக்கிற இலை அது. அக்கா பார்த்திருந்தால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இது யாருடைய சாப்பாடு என்று கேட்டிருப்பார்.

“அண்ணா, அக்காவுக்கு இதுல எது ரொம்பப் புடிக்கும்?” என்று கேட்டேன்.

அவர் இலையைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். “அவ எல்லாத்தையும் சாப்புடுவாம்மா,” என்றார். “இது வோணும், அது வோணும்னு என்னை ஒரு நாளும் கேட்டதில்ல. நான்தான் இது பண்ணு, அது பண்ணுன்னு சொல்லிக்கினு இருப்பேன்.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு மேல் அவரைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மகள் பிரியா பாண்டிச்சேரியில் காலேஜ் படிக்கிறாள். அவளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். “அம்மாவுக்கா ஆன்ட்டி? அம்மாவுக்குப் பருப்பு உருண்டைக் குழம்புன்னா...” என்று வேகமாக ஆரம்பித்தாள். பாதியில் நின்றுவிட்டாள். “இல்ல ஆன்ட்டி. அது எனக்குப் புடிக்கும்னு அம்மா செய்வாங்க.” வேறு ஒன்றை யோசித்தாள், அது அப்பாவுக்குப் பிடித்தது. இன்னொன்றை யோசித்தாள், அது மாமாவுக்கு. பிறகு துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, “எனக்குத் தெரியல ஆன்ட்டி, எங்கம்மாவுக்கு இன்னா புடிக்கும்னு எனக்குத் தெரியவே தெரியல” என்று அழுதாள். அந்தப் பெண்ணிடம் அதைக் கேட்டிருக்கவே கூடாது. தாய் செத்த வீட்டில் அதைவிடக் கொடுமையான கேள்வி வேறு இல்லை.

கடைசியாக, காரியத்துக்கு வந்திருந்த அக்காவின் அண்ணன். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு போடுகிறவர். அவராவது சின்ன வயது ஞாபகம் வைத்திருப்பார் என்று அவரிடம் போனேன். பந்தல் மூங்கிலில் சாய்ந்தபடி, “அதுக்குக் கரும்புப் பால்ல வேக வெச்ச சக்கரவள்ளின்னா உசுரு” என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கிளம்பி வாசலுக்கு வந்தபோது பின்னாலேயே வந்தார். “ஏம்மா, இரு. அது அம்சா இல்ல, அதோட அக்கா. பெரியவ. பெரியவளுக்குத்தான் சக்கரவள்ளி. அம்சா சும்மா பக்கத்துல நின்னுக்கினு இருக்கும்.”

பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும். பஸ்ஸில் விழுப்புரம் வரும்வரை எனக்கு அந்த வார்த்தைதான் மண்டையில் ஓடியது. ஊரில் உள்ள அத்தனை பேரின் செத்தவர்களுக்கும் என்ன பிடிக்கும் என்று மனப்பாடமாக வைத்திருந்தவர். கடல் தாண்டி இருக்கிற யாரோ ஒரு கேரல் அம்மாவின் வீட்டுக்காரருக்குச் சோடாவில் நுரை பொங்க வைத்தவர். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க இந்த உலகத்தில் ஒரு நாதி இல்லை. இருந்தவரை அவருக்கு வாய் இருந்தது, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இப்போது எல்லாரும் கேட்கிறோம்.

நாளை மறுநாள் முப்பத்தோராம் தேதி. உங்களில் யாருக்காவது தெரிந்தால் அதற்குள் சொல்லுங்கள். பஸ்ஸில் ஏதாவது வாங்கித் தின்றாரா, தெருவில் யார் வீட்டிலாவது இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டாரா, எதையாவது பார்த்து அவர் கண் ஒரு நொடி நின்றதா? எதுவாக இருந்தாலும் சரி.

தெரியாவிட்டால், என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அது சரியா தப்பா என்று சொல்ல ஆள் இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதம், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எதிரில், வேகவைத்த மல்லாட்டை விற்கிற அம்மாவின் கூடைக்குப் பின்னால், தூணை ஒட்டி அம்சா அக்கா தனியாக நின்றுகொண்டிருந்தார். கையில் காகிதப் பொட்டலம். ஒரு காயை எடுத்து, ஓட்டைப் பிளப்பதற்கு முன்னால், அதில் இருக்கும் உப்புத் தண்ணீரை உறிஞ்சினார். பிறகுதான் பிளந்து பருப்பை வாயில் போட்டார். அடுத்த காய். அதையும் உறிஞ்சினார். பஸ் வந்தது, போனது, அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் ஒரு வேலையும் செய்யாமல், யாரிடமும் பேசாமல், நின்று சாப்பிட்டு நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

“அக்கா!” என்று கூப்பிட்டேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. “இன்னாடி, நீயா! இன்னா இந்தப் பக்கம்? வெயில்ல நின்னுக்கினு கீற, எதுனா சாப்பிட்டியா?” என்று கேட்டுக்கொண்டே, பொட்டலத்தை அப்படியே என் கையில் திணித்தார். “வாணாங்க்கா, நீங்க சாப்புடுங்க.” “எனக்கு இன்னாத்துக்குடி, நான் ஊட்டுக்குத்தானே போறேன். பஸ்ஸு வந்துடுச்சு பாரு, ஜல்தி ஏறு.” ஏற்றிவிட்டுக் கையாட்டினார். ஜன்னல் வழியே பார்த்தபோது, ஒரு கையில் இருந்த ஓடுகளைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது பச்சை மல்லாட்டை சீசன் இல்லை. காய்ந்த காயைத்தான் ஊறவைத்து, உப்புப் போட்டு வேகவைக்க வேண்டும். அதைத்தான் வைக்கப் போகிறேன். கேரல் அம்மாவுக்கும் எழுதிவிட்டேன், அவர்கள் ஊரிலும் கிடைக்குமாம். அது அக்காவுக்குப் பிடித்ததா, இல்லை அன்றைக்கு அவருக்குப் பசித்ததா, எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியவும் வழி இல்லை. படையலா, நம்ம சாப்பாடா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாமல்தான் அந்த இலைக்கு முன்னால் நிற்பேன்.

அவர் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். ஸ்டெல்லா அவருடைய கொழுக்கட்டைத் தட்டை வாங்கி வைத்திருக்கிறாள். பாஸ்கர் சார் அவருடைய நாற்காலியை யாருக்கும் தராமல் வைத்திருக்கிறார். எனக்கென்று அக்கா தன் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தது அந்த ஒரு பொட்டலம்தான். விக்கிரவாண்டி வருவதற்குள் அதை நான் தின்று முடித்துவிட்டேன்.